நான்கு நிமிடச் சாட்சி

ஆண்டெனா மாட்டுகிறவனுக்குக் கம்பத்தில் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது. கீழே வீட்டுக்காரர் டிவி முன்னால் நின்று "தெரியுது... தெரியுது... போச்சு" என்று குரல் கொடுப்பார். மேலே குழாயைத் திருப்பிக்கொண்டிருப்பவன் இரண்டு கேள்விகளை ஒருசேர மனதில் வைத்திருக்க வேண்டும். படம் எந்தத் திசையிலிருந்து வருகிறது? அதைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? முதல் கேள்விக்கு விடை சொல்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவதை விடாமல் துரத்துகிறவர்தான் நல்ல மெக்கானிக். கூனிமேட்டில் கடை போட்டு, மரக்காணம் முதல் காலாப்பட்டு வரை மாடி மாடியாக ஏறிய காலத்தில் நான் கற்ற பாடம் இது. பிற்காலத்தில் வானத்தின் ரேடியோ மூலங்களைப் பிடிக்க முயன்றபோது கைகொடுத்ததும் இதுவே.

எங்கள் கரை இந்தப் பாடத்தை நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இங்கிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல்; உயரமான கம்பமும் பூஸ்டரும் இல்லாமல் படம் நிற்காது. ஆனால் கடல் அசையாமல் புழுங்கும் சில இரவுகளில், 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி சென்னையைவிடத் தெளிவாக வந்து நிற்கும். ஈரக்காற்று கடலை ஒட்டிப் படுத்திருக்க, அதன்மேல் வெதுவெதுப்பான உலர்காற்று மூடியிருக்கும்போது, அலைகள் வெளியே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து கடல்மட்டத்தோடு ஓடிவரும். மறுநாள் காற்று மாறினால் படம் போய்விடும். சிக்னல் கிடைப்பது ஒன்று, அது எப்படி வந்தது என்று அறிவது வேறொன்று என்பதை இந்தக் கரையில் வேலை செய்தவர் எவரும் மறக்க முடியாது.

கேபிள் டிவி வந்ததும் எட்டடி, பன்னிரண்டடி வலை டிஷ்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் எல்லாரும் ஒரு தொல்லையை அறிவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், பட்டப்பகலில் சில நிமிடங்கள் படம் புள்ளி புள்ளியாகி மறையும். சில நாட்கள் அப்படியே நடக்கும், பிறகு தானே சரியாகிவிடும். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்பதுதான் காரணம். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் கோள், 12 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு வானத்தின் நடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி தெற்கே தெரிகிறது. சூரியன் அந்த இடத்தைக் கடக்கும் நாட்களில் அதன் ரேடியோ இரைச்சல் டிஷ்ஷுக்குள் நேராக இறங்கி, கோளின் மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடுகிறது. எங்கள் தொழிலில் இருந்த அத்தனை பேரும் வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலத்தைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துகொண்டிருந்தோம் என்று எனக்கு விளங்கியபோது, கையிலிருந்த கருவிகளை நான் பார்த்த பார்வையே மாறியது.

இரைச்சலைத் துரத்தியதில்தான் இந்தத் துறையே பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்குக் கொடுத்த வேலை, கடல் கடந்த ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. அவர் 20.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெரிய சுழலும் ஆண்டெனா வைத்துப் பதிவெடுத்தார். அருகிலுள்ள இடி, தூரத்து இடி இரண்டையும் பிரித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் எஞ்சியது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வரவில்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. நட்சத்திரங்களின் நாள் அவ்வளவுதான். சீறல் பால்வீதியிலிருந்து வருவதாக 1933இல் அறிவித்தார். அடுத்து 1937இல் குரோட் ரீபர் என்ற ரேடியோ பொறியாளர், இல்லினாய் மாநிலத்தில் தன் வீட்டுக் காலி மனையில் சொந்தச் செலவில் 9 மீட்டருக்கு மேல் அகலமான டிஷ் ஒன்றைக் கட்டினார். 3300 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் கிடைக்கவில்லை, 910இலும் இல்லை. 160க்கு இறங்கியபோது பால்வீதி கிடைத்தது. வேலை முடிந்து வந்து இரவில் டிஷ் அருகே உட்கார்ந்த அந்த மனிதர், சில ஆண்டுகளுக்கு உலகத்தில் ரேடியோ வானியல் செய்த ஒரே ஆள் என்றே சொல்லலாம்.

எனக்கு நெருக்கமான பாடம் உதகமண்டலம் முத்தோரையில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் முடித்த அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தகடு கிடையாது. 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் அந்த நீளம் முழுவதும் ஓடி, எதிரொளிக்கும் பரப்பாக நிற்கின்றன. அதைத் தாங்கும் மலைச்சரிவைத் தேடிப்பிடித்ததில்தான் மூளை இருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக 11 டிகிரி சரிந்த சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்துவிட்டது. கிழக்கிலிருந்து மேற்கே ஒரே சுழற்சியில் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். ஆண்டெனாவைக் கம்பத்தில் நிமிர்த்தி வைக்க வாழ்நாள் முழுக்கப் போராடியவனுக்கு, ஒரு மலையையே கம்பமாக்கியவர்களைப் பார்க்கும்போது வரும் மரியாதையை எப்படிச் சொல்வது! நிலா ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தில் சிக்னல் எப்படித் தேய்கிறது என்று பார்த்து, அந்த மூலத்தின் அளவைக் கண்டுபிடிக்கக் கட்டிய கருவி அது.

ஆனால் ஸ்வரூப் பெரிய கருவியில் தொடங்கவில்லை. 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அவர் அமைத்தது ஆறடி டிஷ்கள் 32. ஆஸ்திரேலியாவில் பயன்பாடு முடிந்து இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்தவை. அவற்றை 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனைப் பார்க்க வைத்தார். சென்னையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமனின் மகன், முனைவர் பட்டம் எதுவும் வாங்காமல் கருவிகளோடு பழகியே உலகின் முன்னணி ரேடியோ வானியலாளர்களில் ஒருவராகி, 1972 முதல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். இந்த இருவரையும் படித்தபோது, ஓர் ஆபரேட்டர் மாடியில் துருவேறிக் கிடந்த எட்டடி டிஷ் கல்யாண் டிஷ்ஷைவிடப் பெரியது என்ற கணக்கு என் மனதில் ஓடியது. அதை இறக்கி வந்தேன்.

வானத்தில் சிறிய டிஷ்ஷுக்கு எட்டுகிற மூலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சூரியனையும் பால்வீதியையும் தள்ளிவைத்தால் முதல் வரிசையில் நான்கு. காசியோப்பியா ஏ, சுமார் 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சம். சிக்னஸ் ஏ, எழுபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலம். டாரஸ் ஏ, 1054இல் சீனர்கள் பகலிலேயே பார்த்து எழுதிவைத்த வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலா. வர்கோ ஏ என்பது எம் 87 மண்டலம். 2019 ஏப்ரலில் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்த கருந்துளைப் படம் அதன் மையத்தினுடையது. இந்த நான்கில் வர்கோ ஏ நம் கரைக்கு ஒரு பரிசு. அதன் இடம் வானத்தில் 12.4 டிகிரி வடக்கு; கூனிமேடு சுமார் 12.1 டிகிரி வடக்கு. டிஷ்ஷை மட்டம் பார்த்து நேராக வானத்தை நோக்கிக் கிடத்தினாலே போதும், தினமும் ஒருமுறை அது உச்சந்தலைக்கு மேல் கடந்துபோகும். காசியோப்பியா ஏவுக்கு வடக்கே சாய்க்க வேண்டும். உச்சிக்கு வரும்போதும் 43 டிகிரிதான் உயரம். சிக்னஸ் ஏவுக்கு 61, டாரஸ் ஏவுக்கு 80.

டிஷ்ஷின் குவியத்தில் அலைகளை வாங்கிக்கொள்ளும் ஃபீட், பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தகர டின்தான். அதனுள் ஐந்து சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்று நிற்கும். அதன் வாயிலேயே அதிக இரைச்சல் சேர்க்காமல் சிக்னலைப் பெருக்கும் நல்ல எல்.என்.ஏ ஒன்று, பிறகு ஃபில்டர், பிறகு வயர். கடைசியில் கணினியில் செருகும் விரல் நீள டாங்கிள். தொலைக்காட்சி பார்க்க விற்ற அந்த மலிவான டாங்கிளைப் பொது ரிசீவராக மாற்றலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தது, எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நான் பார்ப்பது 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில். ஹைட்ரஜன் அணுவின் 1420.4 அதற்குள்தான் இருக்கிறது. அதனால் உலக ஒப்பந்தப்படி அந்தப் பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது. மூலங்களைத் தேடும்போது 1420.4இலிருந்து சற்றுத் தள்ளி ட்யூன் செய்வேன். இல்லாவிட்டால் பால்வீதியின் ஹைட்ரஜன் மற்றதை அமுக்கிவிடும்.

முதலில் சூரியன். இதில் சிரமமே இல்லை. டிஷ்ஷைக் காட்டினால் முள் எகிறும். சூரியனை வைத்துத்தான் ஃபீட்டின் தூரத்தைச் சரிசெய்ய வேண்டும், டிஷ் காட்டும் திசை உண்மையான திசைதானா என்று பார்க்க வேண்டும். அடுத்த படி செங்குத்தானது. இந்த அலைநீளத்தில் காசியோப்பியா ஏ, அமைதியான சூரியனைவிடச் சுமார் முந்நூறு மடங்கு மங்கல். எட்டடி டிஷ்ஷில் அது சேர்க்கும் ஆற்றலை வெப்பமாகச் சொன்னால் ஒன்றரை கெல்வின். எல்.என்.ஏவின் சொந்த இரைச்சலும் தரையின் இரைச்சலும் சேர்ந்து ஏற்கெனவே நூறு கெல்வின் இருக்கும். ஆக, நூற்றில் ஒன்றரைப் பங்கு உயர்வைத்தான் தேடுகிறோம். சில வினாடிகள் சராசரி எடுத்தால் கணக்குப்படி அது பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாமல் அடிப்பது வெப்பநிலை. மதியம் கடல்காற்று ஏறி டிஷ் குளிர்ந்தால் எல்.என்.ஏவின் பெருக்கம் மாறும்; அந்த மாற்றம் ஒன்றரைப் பங்கைவிடப் பெரிது. ஆகவே எல்.என்.ஏவை அசையாத வெப்பத்தில் வைப்பது முதல் வேலை. தடித்த தெர்மோகோல் பெட்டி, உள்ளே அலுமினியக் கட்டி, வெயில் படாத வெள்ளைப் பூச்சு. நடுநிசிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரமே பதிவுக்கு உகந்தது.

உப்புக்காற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கனெக்டரில் ஈரம் இறங்கினால் அங்கேயே நிற்காது. வயரின் பின்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே மீட்டர் கணக்கில் ஏறும். உரித்துப் பார்த்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். வெளியே இன்சுலேஷன் டேப் சுற்றுவது பயனற்றது, அது வெயிலில் பிரிந்து தண்ணீரை உள்ளே தேக்கிவைக்கும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மடிப்பும் கீழ்மடிப்பின்மேல் இறவாரம்போலக் கவிந்து தண்ணீரை வழியவிடும். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒருமுறை தொங்கி வளைந்து ஏற வேண்டும். போல்ட்டு, நட்டு, கிளாம்ப் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு; ஜி.ஐ. போல்ட் இங்கே இரண்டு மழைக்காலம் தாங்காது. துரு வெறும் அழகுக்கேடு இல்லை. துருவேறிய இரண்டு உலோகங்கள் தொடும் இடம் ஒரு டயோடாக வேலை செய்து, பக்கத்து செல்போன் கோபுரத்தின் அலைகளைக் கலந்து, பட்டையில் இல்லாத சிக்னலையெல்லாம் பிறப்பிக்கும். எங்கள் கரையில் நான் துரத்திய போலிச் சிக்னல்களில் பாதி இந்தத் துருவில் பிறந்தவை.

டிஷ்ஷை ஒரு மூலத்தின் உயரத்தில் நிறுத்திவிட்டு பூமி சுழலக் காத்திருப்பதே முறை. எட்டடி டிஷ்ஷின் பார்வை ஆறு டிகிரி அகலம். வர்கோ ஏ அதைக் கடக்க 25 நிமிடம். வடக்கே இருக்கும் காசியோப்பியா ஏ மெதுவாக நகர்வதால் முக்கால் மணி நேரம். பதிவில் ஒரு மெல்லிய மேடு எழுந்து இறங்கும். காசியோப்பியா ஏ அப்படிக் கிடைக்கும். சிக்னஸ் ஏவில் சிக்கல் வரும். பால்வீதியின் சிக்னஸ் பகுதி முழுவதுமே ரேடியோவில் பரவலாக ஒளிர்கிறது; ஆறு டிகிரிப் பார்வைக்குள் மூலமும் அந்தப் பரவலும் கலந்து ஒரே குன்றாகத் தெரியும். மேடு கிடைத்தது என்று நோட்டில் எழுதலாம், எது கிடைத்தது என்று எழுத முடியாது.

இதற்கு விடை இரண்டாவது டிஷ். 1946இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழுவினர் இரண்டு ஆண்டெனாக்களை இணைத்துக் குறுக்கீட்டுமானி செய்தார்கள். ரைலுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியை வளர்த்தெடுத்ததற்காக. அதே காலத்தில் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் மலைமுகட்டில் ஜான் போல்டனும் கோர்டன் ஸ்டான்லியும் ப்ரூஸ் ஸ்லீயும் ஒரே ஆண்டெனாவால் அதைச் செய்தார்கள். மூலம் கடலிலிருந்து உதிக்கும்போது அலை நேராகவும் வரும், கடலில் பட்டுத் தெறித்தும் வரும். கடலே இரண்டாவது ஆண்டெனா. அப்படித்தான் 1949இல் டாரஸ் ஏ என்பது நண்டு நெபுலா என்றும் வர்கோ ஏ என்பது எம் 87 என்றும் அடையாளம் சொன்னார்கள். நம் கரையில் அதற்கான செங்குத்து முகடு இல்லை. ஆனால் மரக்காணத்து உப்பளங்களில் வேறொரு வசதி உண்டு. கண்ணுக்கெட்டும் தூரம் சமதளம், மரமில்லை, கட்டடமில்லை. உப்பளக்காரர் ஒருவர் தன் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டு வரப்பை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதில் கிழக்கு மேற்காக 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு டிஷ்களை நிறுத்தினேன். இரண்டுக்கும் ஒரே நீள வயர். கேபிள்காரர்கள் ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டால் இரண்டை ஒன்றாக்கும். அதன் பின் ஒரே ரிசீவர்.

இப்போது பதிவு மேடாக வராது, அலையாக வரும். மூலம் நகர நகர இரு டிஷ்களுக்கும் அலை வந்துசேரும் நேர வேறுபாடு மாறி, ஒருமுறை கூடும், ஒருமுறை கழியும். 21 சென்டிமீட்டர் அலைநீளத்தை 20 மீட்டரால் வகுத்தால் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் வானத்தில் 0.6 டிகிரி. பால்வீதியின் பரவலான ஒளிர்வு அதைவிட அகலமானது, ஆகவே தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். புள்ளியாக இருக்கும் மூலம் மட்டும் அலையடிக்கும். வெப்பத்தால் வரும் சரிவு மணிக்கணக்கில் நடப்பது. இந்த அலைகளோ நிமிடக் கணக்கில் வருவதால் இரண்டும் குழம்பாது. எல்லாவற்றையும்விட மேலான லாபம், அலையின் வேகமே மூலத்தின் பெயரைச் சொல்லிவிடும். வான நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு மெதுவாக அது நகரும். என் இடைவெளியில் வர்கோ ஏவுக்கு இரண்டரை நிமிடத்துக்கு ஓர் அலை, சிக்னஸ் ஏவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், காசியோப்பியா ஏவுக்கு நான்கரை நிமிடத்துக்கு மேல். அளவுகோலை வைத்துத் தாளில் அளந்தால் எந்த மூலம் என்று சொல்லிவிடலாம். முதன்முறையாகச் சிக்னஸ் ஏவின் அலைகள் அந்த வரப்பில் கிடைத்த இரவில், எழுபது கோடி ஆண்டுக்கு முன் கிளம்பிய அலை என் கையால் வளைத்த கம்பியில் ஏறியதை எண்ணி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இருந்தும் அலையின் வேகம்கூட இறுதிச் சாட்சி இல்லை. மனிதன் செய்யும் இரைச்சல் எல்லா வடிவமும் எடுக்கும். ஒரு பருவத்தில் தினமும் மாலை ஆறரைக்கு ஒரு மேடு வந்தது. வடிவம் கச்சிதம், உயரமும் சரி. ஆனால் அடுத்த வாரமும் ஆறரைக்கே வந்தது. வானத்திலிருந்து வருவது அப்படி வராது. ஒரு வாரத்தில் அரை மணி முந்தியிருக்க வேண்டும், ஒரு மாதத்தில் இரண்டு மணி. கையில் ஒரு சின்ன ஆண்டெனாவை வைத்துக்கொண்டு நடந்தேன். சாலையோரத்து எல்.இ.டி. விளக்கு ஒன்றின் சர்க்யூட் சூடேறும்வரை இரைந்துகொண்டிருந்தது. பம்புசெட்டு, இன்வெர்ட்டர், இறால் பண்ணையின் மோட்டார், எல்லாம் கடிகாரப்படி நடப்பவை. கடிகாரத்தை மதிக்காமல் தினமும் நான்கு நிமிடம் முந்தி வருவது மட்டுமே வானத்துக்குச் சொந்தம்.

இதைப் படித்தவர்களுக்கு விளக்குவதைவிடக் குப்பத்தில் விளக்குவது சுலபமாக இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் தாள்களைப் பார்த்து, "இது என்ன தம்பி, தெனமும் எடம் மாறி நிக்குது?" என்று கேட்டார்.

"தெனம் நாலு நிமிஷம் முந்தி வருது மாமா."

"ஓதம் தெனம் முக்கா மணி பிந்தும். அது நெலாவோட சேந்தது. முந்தி வர்றதுன்னா ஆறாமீன் மாதிரி. ஐப்பசியில ராவானதும் ஏறும், ஆடியில நடுச்சாமம் தாண்டி. அப்ப இது மீனோட சேந்ததுதான்."

நிலாவுக்கு ஒரு நடை, விண்மீனுக்கு ஒரு நடை என்று தலைமுறைகளாக அறிந்தவர்களின் தீர்ப்பு அது. ஜான்ஸ்கி ஓராண்டுப் பதிவுகளை அடுக்கிவைத்துச் சென்ற வழியும் அதுவே.

உப்பளம் எனக்கு எதிர்பாராத வேறொன்றையும் கற்றுக்கொடுத்தது. காசியோப்பியா ஏவுக்காக வடக்கே சாய்த்த டிஷ்ஷில் ஃபீட்டின் பார்வை சற்றுச் சிந்தி எதிரேயுள்ள தரையையும் பார்க்கும். காய்ந்த மண் இந்த அலைநீளத்தில் கிட்டத்தட்டத் தன் முழு வெப்பத்தோடு, முந்நூறு கெல்வினுக்கு அருகில், இரைகிறது. ஆனால் பாத்திகளில் உப்புநீர் நிறைந்திருக்கும் நாட்களில் என் பதிவின் அடிமட்டம் இறங்கியது. உப்பு வாரிக் காயவிட்ட நாட்களில் ஏறியது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த அலைகளுக்குக் கண்ணாடி. தன் வெப்பத்தைக் குறைவாகக் காட்டி, குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கிறது. உப்பு கூடக் கூட வெதுவெதுப்பான நீர் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும். இதே தன்மையை வைத்துத்தான் 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மாஸ் செயற்கைக்கோளும் 2011இல் ஏவப்பட்ட அக்வேரியஸும் கடல்களின் உப்பளவை மேலிருந்தே அளந்தன, அதே 1400–1427 பட்டையில். ஹைட்ரஜனுக்காக அமைதியாக வைத்த பட்டை கடலின் உப்பையும் அளக்க உதவுகிறது. அந்தப் பட்டையைக் காப்பது ஆய்வகங்களின் கவலை மட்டுமல்ல. ஒரு மலிவான கருவி அதில் கசிந்தால் இரண்டு அறிவுகள் கெடும்.

வடகிழக்குப் பருவமழையில் வேலை நின்றுவிடும். உப்பளமும் அப்போது தண்ணீரில்தான் கிடக்கும். மேகம் எங்களுக்குத் தடையில்லை, மழையும் இந்த அலைநீளத்தில் பெரிய தடையில்லை, காற்றுதான் பகை. எட்டடி டிஷ் வலையாக இருந்தாலும் புயலில் பாய்மரமாகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது டிஷ்களை முன்கூட்டியே கழற்றி, கவிழ்த்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தோம். வானிலை எச்சரிக்கை வந்த உடன் கழற்றுவது இந்தக் கரையில் கருவியை வைத்திருப்பவரின் கடமை. காற்று எழுந்த பிறகு ஏணியில் ஏறக் கூடாது.

இந்த வேலையால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பார்கள். புனேயில் தேசிய ரேடியோ வானியற்பியல் மையமும் அயூக்கா என்ற வானியல் மையமும் இணைந்து கல்லூரி மாணவர்களைத் தங்கள் கையாலேயே சிறிய ஆண்டெனா செய்து ஹைட்ரஜனைப் பார்க்கப் பழக்குகின்றன. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கோடாடிலும் அதைச் சுற்றியும் 45 மீட்டர் டிஷ்கள் 30 நிற்கின்றன. அந்தப் பெரிய கருவிகள் நொடியில் காண்பதை நாம் இரவு முழுக்கக் காத்திருந்து காண்கிறோம். ஆனால் பெரிய கருவிகளுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு ஏராளமாக இருக்கிறது: ஒரே மூலத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்க நேரம்.

அதற்குத் தகுந்த வேலையும் இருக்கிறது. காசியோப்பியா ஏ மங்கிக்கொண்டே வருகிறது. வெடித்த சிதறல் விரிய விரிய அதன் ஒளிர்வு குறைய வேண்டும் என்று 1960இல் சோவியத் விஞ்ஞானி ஷ்க்ளோவ்ஸ்கி கணித்தார். உடனே அளந்து உறுதிசெய்தார்கள். இன்றும் ஆண்டுக்கு நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. 1980இல் நம் பட்டையில் அது சிக்னஸ் ஏவைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பிரகாசம். இப்போது கொஞ்சம்தான் அதிகம். சிக்னஸ் ஏ மாறாதது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் தொடக்கத்தில் இரவு ஏழேகால் வாக்கில் சிக்னஸ் ஏ உச்சிக்கு வரும். மூன்றரை மணி நேரத்துக்குள் காசியோப்பியா ஏ வந்துவிடும். அதே டிஷ், அதே வயர், அதே இரவு. இரண்டின் அலை உயரத்தையும் அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எல்.என்.ஏவின் பெருக்கமும் டிஷ்ஷின் குறையும் பெருமளவு அடிபட்டுப் போகும். பத்தாண்டில் ஆறு சதவீதத்துக்கு மேல் மாற வேண்டும். கவனமாக எடுத்த பதிவுக்கு அது எட்டாத அளவில்லை. இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒருவர் ஒவ்வொரு அக்டோபரிலும் மழை விட்ட ஓரிரு இரவுகளில் இதைச் செய்துவந்தால், முப்பது வயதுக்குள் ஒரு விண்மீனின் எச்சம் மங்குவதைத் தன் சொந்தக் கருவியால் பார்த்தவராகிவிடுவார்.

அக்கா மகன் இப்போது என்னோடு வரப்புக்கு வருகிறான். அவனுக்கு நான் கொடுத்த பாடம் டிஷ் கட்டுவதோ கணினியோ அல்ல, நோட்டு எழுதுவது. தேதி, தொடங்கிய நேரம், டிஷ்ஷின் சாய்வு, காற்று, பாத்தியில் நீர் உண்டா இல்லையா, பக்கத்தில் எந்த மோட்டார் ஓடியது. ஒரு நல்ல மேடு கிடைத்த இரவில் அவன் துள்ளும்போதும், மறுநாள் அதே உயரத்தில் டிஷ்ஷை வைக்கச் சொல்வேன். அதற்கடுத்த வாரமும் சொல்வேன். மூன்று தாள்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அந்த மேடு நான்கு நான்கு நிமிடமாக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று அவனே அளந்து பார்த்த பிறகுதான் மூலத்தின் பெயரை எழுதலாம். கருவி எவ்வளவு சிறியதானாலும் இந்த ஒழுங்கு இருந்தால் அது தொலைநோக்கி. இந்தக் கரையில் கேபிள் போய்விட்ட மாடிகளில் டிஷ்கள் இன்னும் துருவேறிக் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போடும் முன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.